கொட்டாங்கச்சி ஒன்று, சொட்டை இல்லை

எதிரில் ஆள் இருந்தால் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். போன இடத்தில் யாராவது செம்பை நீட்டினால், வாங்கிக்கொண்டு எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, அண்ணாந்து குடித்துவிட்டுத்தான் வந்து உட்காருவேன். பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். கண் திருஷ்டிக்குப் பயம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பல் செட்டு கழன்று செம்புக்குள் விழுந்துவிடுமோ என்ற பயம் என்கிறான் என் மச்சினன் (அவனுக்குத்தான் பல் செட்டு). என் சம்பந்தி மட்டும் இது ஏதோ பெரிய வேண்டுதல் என்று முடிவு செய்து, அவரும் என்னோடு எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார். வேண்டுதலும் இல்லை, வெங்காயமும் இல்லை. செம்பைத் தூக்கிக் குடிக்கிறவனுக்கு அதன் அடிப்பாகம் தெரியாது. எதிரில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்காமல் ஒரு சனிக்கிழமை நான் தண்ணீர் குடித்தேன். அந்தக் கதைதான் இது.

அப்போது யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், புதுக்கோட்டையில் அரிசிக் கடை வாசலில் பொழுது விடியும்போதே சனங்கள் வந்து குந்தியிருப்பார்கள். எனக்கு வயது இருபத்து மூன்று. கல்யாணமாகி ஆறு மாதம். சமஸ்தானத்துக் கச்சேரி ஒன்றில் (பாட்டுக் கச்சேரி இல்லைங்க, சர்க்கார் ஆபீஸ்) நகல் எழுதும் குமாஸ்தா. என் வேலையில் முக்கால்வாசி ஜாபிதா எழுதுவது. ஜப்திக்குப் போகிற அமீனா, அந்த வீட்டில் என்னென்ன சாமான் இருந்தது என்று அவசரத்தில் கிறுக்கிக்கொண்டு வரும் பட்டியலை நான் மணிமணியாக மூன்று பிரதி எடுக்க வேண்டும். ‘பித்தளை அண்டா, பெரிது, ஒன்று. மேற்படி, சிறிது, ஒட்டுப் போட்டது, ஒன்று.’ இப்படியே பகல் முழுவதும். ஊரில் யார் வீட்டு அண்டாவில் ஒட்டு இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் வீட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்கக் கூடாது. கையை நீட்டினால் செம்பு வரும், காலை நீட்டினால் விரிப்பு வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் மாதா கோயிலில் ஏழைகளுக்கு உதவுவதற்கென்று ஒரு சபை இருந்தது. ஏழு பேர் அங்கத்தினர். பங்குச் சாமியார் எங்கிருந்தோ வாங்கிச் சேர்க்கும் தானியத்தை, கஷ்டப்படும் வீடுகளுக்கு வாரா வாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும், போய்ப் பார்த்து விசாரித்து வருவதும் எங்கள் ஊழியம். அதற்குச் சில விதிகள் உண்டு. இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், கொடுத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். என்ன மதம், என்ன சாதி என்று பார்க்கக் கூடாது. யார் வீட்டுக்கு உதவி போகிறது என்று வெளியில் மூச்சு விடக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினேன். என் மனைவியைத் தவிர ஒருவரிடமும் சொன்னதில்லை. (பெண்டாட்டி வெளியாளா என்ன?)

அந்த மாதம் கேப்பை மூட்டை பாதியாக வந்தது. குளத்தூர் ரோட்டில், சல்லி உடைக்கிற சனங்கள் இருக்கும் குடிசைகளில், இரண்டு வீட்டுக்குத் தலா வாரம் இரண்டு படி கேப்பை போய்க்கொண்டிருந்தது. ஒரு வீடு ஞானப்பிரகாசம் என்ற கல் உடைப்பவருடையது, அவர் எங்கள் கோயில்காரர். பக்கத்து வீடு காளியம்மாள் என்ற கைம்பெண்ணுடையது. கிணறு வெட்டும்போது கல் சரிந்து புருஷன் போய்விட்டான், மூன்று பிள்ளைகள். இரண்டு படி கேப்பை என்றால், தண்ணியாகக் கரைத்தால், நாலு வயிறு ஒரு வாரம் கூழ் குடிக்கும்.

“இனி அங்க ஒரு வீட்டுக்குத்தான் குடுக்க முடியும். யாருக்கு ரொம்பக் கஷ்டம்னு பாத்துட்டு வந்து சொல்லணும். யாரு போறீங்க?” என்று சாமியார் கேட்டார்.

கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். நாலு வயிற்றின் ஒரு வாரத்தை என் கையில் தூக்கிக் கொடுக்கிறார் என்ற எண்ணம் எனக்குத் துளியும் வரவில்லை. பேனா பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே, வேறு யார் போவது என்றுதான் நினைத்தேன். என்னோடு வரச் சந்தியாகுவைப் போட்டார்கள். சந்தியாகு என் வயசுக்காரன்தான். கடைவீதியில் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவன். நாள் முழுக்க உளியால் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருப்பதால் பேச்சு குறைவு. எழுத்து கொஞ்சம் கோணலாக விழும். என் எழுத்தோடு அவன் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து உள்ளுக்குள் அவனை மன்னித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தை என் மனைவி அந்தோணியம்மாளிடம் சொன்னேன். “நாளைக்கு விசாரணை. ஞானப்பிரகாசம்னு ஒருத்தன், காளியம்மாள்னு ஒரு பொம்பளை. ரெண்டுல ஒண்ணை அடிக்கணும்.”

“அடிக்கணுமா?” என்றாள்.

“பட்டியல்லேருந்து அடிக்கணும்.”

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, “ம்” என்றாள். அவள் கீரமங்கலத்துக்காரி. அந்தப் பக்கத்துப் பெண்கள் ‘ம்’ என்றால் அதற்கு மேல் பேசாமல் இருப்பது நல்லது என்று கல்யாணமாகி ஆறு மாதத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

மறுநாள் காலை எனக்கு நீராகாரம் ஒரு பழைய அலுமினியக் குவளையில் வந்தது. உட்காரப் பாய்தான் கிடந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் ஞானப்பிரகாசத்தின் வீடு. போகும்போதே உள்ளேயிருந்து ஜெபச் சத்தம் கேட்டது. எங்களைப் பார்த்ததும் ஜெபம் இன்னும் உரத்தது. வீட்டில் துடைத்து வைத்தது போல ஒன்றும் இல்லை. ஒரு மண்பானை, சுவரில் ஒரு மாதா படம், அவ்வளவுதான். ஞானப்பிரகாசத்தின் சம்சாரம் கிழிசல் சேலையின் கிழிசல் பக்கத்தை முன்னால் போட்டுக்கொண்டு நின்றாள்.

“இருக்கிறதெல்லாம் இந்தச் செபமாலை ஒண்ணுதாங்க. இதையும் விக்கச் சொன்னா வித்துருவேன்” என்றார் ஞானப்பிரகாசம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இவ்வளவு வறுமையிலும் இவ்வளவு பக்தியா! அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்குப் பின்புறம் ஒரு ஆடு கத்தியது. ஞானப்பிரகாசம் சட்டென்று, “அது அடுத்த வீட்டுல கட்டிக் கெடக்குதுங்க” என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார். சந்தியாகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மண்தரையில் நாலு மூலைக்கு நாலாக, கையகலத்துக்குப் பள்ளம் இருந்தது. கட்டில் கால் பதிந்த பள்ளம். சந்தியாகு அதைக் கால் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தான். நான் மாதா படத்தைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்து காளியம்மாள் வீடு. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கட்டில் கிடந்தது! மூலையில் பித்தளை அண்டா! பின்னால் ஆடு! தரையில் நல்ல பவானி ஜமுக்காளம் விரித்திருந்தது. மூன்று பிள்ளைகளும் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, சுவரோரமாக வரிசையாக நின்றன. காளியம்மாளுக்கு முப்பது வயதிருக்கும். கையெல்லாம் சிராய்ப்பு. எங்கோ பார்த்த முகம்போல இருந்தது. சல்லி உடைக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று அந்த எண்ணத்தை ஒதுக்கிவிட்டேன்.

“உக்காருங்கய்யா. வெயில்ல வந்திருக்கீங்க” என்று ஜமுக்காளத்தைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது, பழகின இடத்தில் உட்கார்ந்த மாதிரி. பளபளவென்று துலக்கிய செம்பில் நீர்மோர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் அதே பளபளப்பில் ஒரு தம்ளர், சந்தியாகுவுக்கு. செம்பு என் கையில் பாந்தமாக உட்கார்ந்தது. அண்ணாந்து குடித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த சந்தியாகுவுக்குத் திடீரென்று புரையேறியது. அவன் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. நீங்க நல்லாத் தூக்கிக் குடிங்க” என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னான்.

குடித்து முடித்துப் பேனாவை எடுத்தேன். விசாரணைக்கு வந்தவன் ஜப்திக்கு வந்தவனாக மாறினேன். “ஏம்மா, கட்டில் இருக்கே?”

“கெடக்குதுங்க.”

“அண்டா?”

“அதுவும் கெடக்குதுங்க.”

“ஆடு?”

“கட்டியிருக்குங்க” என்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். ‘கேள்விகளுக்கு மழுப்பலான பதில்’ என்று எழுதிக்கொண்டேன். ஜமுக்காளத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீல மைக் கறை இருந்தது. எனக்குள் இருந்த துப்பறியும் புலி எழுந்து சோம்பல் முறித்தது. எழுத்து வாசனையே இல்லாத வீட்டில் மை எப்படி வரும்? சரிதான், உத்தியோகம் பார்க்கிற ஆள் எவனோ இங்கே வந்து போகிறான். அதையும் எழுதினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு என் காதைத் திருக வேண்டும் போல இருக்கிறது.

வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். ஏழைகளை எப்படி எடைபோடுவது என்பதைப் பற்றி, கவனிப்புச் சக்தியைப் பற்றி. சந்தியாகு இரண்டு மூன்று தடவை, “இல்ல, அந்தச் செம்பு…” என்று ஆரம்பித்தான். “எழுதியாச்சு, எழுதியாச்சு” என்று அவன் வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலை ஒட்டின அறையில் சபை கூடியது. நான் எழுந்து, தொண்டையைச் செருமி, ஜாபிதாவைக் கச்சேரி ராகத்தில் வாசித்தேன்.

“கயிற்றுக் கட்டில், ஒன்று. பித்தளை அண்டா, பெரிது, ஒன்று. வெள்ளாடு, பெட்டை, ஒன்று. பித்தளைச் செம்பு, விளிம்பு ஒடுங்கிச் சொட்டை உள்ளது, ஒன்று. மேற்படி தம்ளர், ஒன்று. பவானி ஜமுக்காளம், ஓரத்தில் மைக் கறை உள்ளது, ஒன்று. மேற்படி கறையை உத்தேசித்து, படித்த ஆள் ஒருவர் இவ்வீட்டில் மறைவாக இருந்துவருவதாக ஊகிக்கப்படுகிறது.”

அறையே வாயைப் பிளந்தது. “இவ்வளவு வசதியா அந்தப் பொம்பளைக்கு?” என்றார் ஒருவர். ‘நாம ஏமாந்துட்டோம்’ என்பது போல எல்லாரும் தலையை ஆட்டினார்கள். காளியம்மாள் பெயரை அடிக்கப் பென்சிலை எடுத்த சாமியார், எதற்கும் கேட்டு வைப்போம் என்று, “சந்தியாகு, நீயும்தானே போன? எல்லாம் சரியா எழுதியிருக்கா?” என்றார்.

“எல்லாம் சரிதான் சாமி. சொட்டைகூடச் சரி. ஒண்ணுதான் விட்டுப்போச்சு” என்றான் சந்தியாகு.

“என்ன விட்டுப்போச்சு?” என்றேன், ரோஷத்தோடு. என் ஜாபிதாவில் விட்டுப்போவதாவது!

“செம்புக்கு அடியில பேரு வெட்டியிருக்கு.”

“என்ன பேரு?” என்றார் சாமியார்.

சந்தியாகு என்னைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். “‘கீரமங்கலம் அந்தோணியம்மாள் சீர்’னு போட்டிருக்கு சாமி. ‘சீர்’ மட்டும் கொஞ்சம் கோணலா விழுந்திருக்கும். நான் வெட்டுனதுதான்.”

அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவமானம் ஏறும்போது மூளை இறங்குகிற ஜாதி நான். “திருட்டு!” என்று கத்தினேன். “என் வீட்டுச் செம்பு சாமி! என் பெண்டாட்டி சீர்! என் வீட்டுல புகுந்து திருடியிருக்கா! இப்பவே ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்க!”

“முதல்ல ஒன் வீட்டுல கேப்போம்” என்று சாமியார் எழுந்தார். முன்னால் நான், பின்னால் சாமியார், அவர் பின்னால் சபை, சபைக்குப் பின்னால் பூசை முடிந்து வேடிக்கைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த பாதித் தெரு. “திருட்டு, திருட்டு” என்று நான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். பவனி போவது போலத்தான் போனோம், பாட்டு மட்டும் இல்லை.

வாசலில் அந்தோணியம்மாள் நின்றாள். “நம்ம வீட்டுச் செம்பைக் காணோம்னு ஏன் சொல்லல?” என்று பாய்ந்தேன்.

“காணாமப் போகலியே. நான்தான் குடுத்தேன்” என்றாள்.

அவள் என்னை விட்டுவிட்டுச் சாமியாரைப் பார்த்துப் பேசினாள். “காளியம்மா வாரத்துல மூணு நாள் எங்க வீட்டுக் கொல்லைக்கு விறகு கொண்டாரா சாமி. ‘சபையிலேருந்து ஐயாமாரு வாராகளாம், மூஞ்சியில அடிச்ச மாதிரி கொட்டாங்கச்சியில தண்ணி குடுக்கிறதா தாயி, தரையில உக்காரச் சொல்றதா’ன்னு நேத்து விடிகாலையில வந்து அழுதா. செம்பும் தம்ளரும் ஜமுக்காளமும் எடுத்துக் குடுத்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா குடுக்க விட்டிருப்பீகளா? அவகிட்டயும்தான் நான் சொல்லல. வாரது எங்க வீட்டு ஐயாதான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு.”

சாமியார் என் கையிலிருந்து ஜாபிதாவை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “‘படித்த ஆள் ஒருவர் இவ்வீட்டில் மறைவாக இருந்துவருவதாக…’ அந்த மைக் கறை யாரு பண்ணுனது தாயி?”

“போன மாசம் ஆபீஸ் காயிதத்தை வீட்டுல வச்சு எழுதுறேன்னு மைக்கூட்டைக் கவுத்தாரு சாமி. அந்தப் படிச்ச ஆளு இந்தா நிக்கிறாரு.”

தெரு சிரித்த சிரிப்பு எங்கே போய் முடிந்ததோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கொல்லைக் கதவு திறந்த சத்தம்தான். காளியம்மாள் வீட்டு வழியாக வாசலுக்கு வந்தாள். நான் கோயிலில் இருக்கும் நேரம் பார்த்துச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். ‘திருட்டு’ என்று நான் கத்திக்கொண்டு வந்தது முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. புளி போட்டுத் துலக்கிய செம்பையும் தம்ளரையும், நாலாக மடித்த ஜமுக்காளத்தையும் என் காலடியில் வைத்தாள். என் கோட்டையும் என் முகத்தையும் பார்த்தாள். நேற்று வந்த ஐயாவும் இந்த வீட்டு ஐயாவும் ஒரே ஆள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதமாக என் வீட்டுக் கொல்லைக்கு வந்து போகிறவளின் முகம் எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

“எண்ணிப் பாத்துக்கங்கய்யா. எனக்குக் கேப்பை வேணாங்க” என்றாள். அவ்வளவுதான். வந்த வழியே போய்விட்டாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கட்டிலும் அண்டாவும் ஆடும் ஞானப்பிரகாசத்துடையவை என்று சந்தியாகு அப்போதுதான் சொன்னான். நாங்கள் வருவது தெரிந்து அவர் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார். காளியம்மாள் காட்டிக் கொடுக்கவில்லை. “நேத்தே ஏன்டா சொல்லல?” என்றேன். “அந்தம்மாவை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? வழியில சொல்லலாம்னா நீங்க வாயை மூடுனாத்தானே” என்றான்.

“அந்த ஞானப்பிரகாசம் வரட்டும், பேசிக்கிறேன்” என்று நான் பல்லைக் கடித்தேன்.

“என்ன பேசுவ? ஒத்தை ஆடு வச்சிருக்கிறவனுக்குப் பசிக்காதா? ஆடு இருந்தா பேரை அடிச்சிருவீகன்னு ஒளிச்சிருக்கான். அவ மானத்துக்குப் பயந்து கடன் வாங்குனா. ரெண்டு பேரும் பயந்தது ஒன் பேனாவுக்குத்தான்” என்றார் சாமியார். பிறகு தீர்ப்பும் சொன்னார். “ஞானப்பிரகாசம் வீட்டுக்குச் சபை குடுக்கும். காளியம்மா வீட்டுக்கு, யுத்தம் முடியிற வரைக்கும், ஜாபிதா எழுதுனவர் சொந்தத்துல குடுப்பாரு. அவரே தூக்கிட்டுப் போவாரு.”

கொடுக்கலாம்தான். வாங்க வேண்டுமே! முதல் வாரம் சந்தியாகுவோடு போனேன், கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் வாரமும் சாத்தியிருந்தது. எங்கள் வீட்டுக்கு விறகு வருவதும் நின்றுபோனது. அந்தோணியம்மாள் தென்னை மட்டையைக் கொளுத்திச் சமைத்தாள். சாதத்தில் புகை வாடை. வாயைத் திறந்து ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஆனால் பட்டினி கிடப்பது நான் இல்லையே. வரிசையாக நின்ற அந்த மூன்று வகிடெடுத்த தலைகள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் மிகைப்படுத்தல் இல்லை.

மூன்றாம் வாரம் கோட்டு, தலைப்பாகை, பேனா மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கதவு திறந்திருந்தது. காளியம்மாள் வாசலில் சுள்ளி கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானாக மண்ணில் உட்கார்ந்தேன். சந்தியாகுவும் உட்கார்ந்தான்.

“தப்புப் பண்ணிட்டேன்மா. ஒன்னைத் திருடின்னு சொன்னேன். மன்னிச்சிரு” என்றேன். ஒத்திகை பார்த்து வந்தது இதைவிட நீளம். வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவள் சுள்ளிக் கட்டை இறுக்கி முடிந்தாள். “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள்.

“குடு” என்றேன்.

கொட்டாங்கச்சியில் கொண்டுவந்தாள். வாங்கி அண்ணாந்து குடித்தேன். பாதி என் சட்டையில் வழிந்தது. கொட்டாங்கச்சியில் தூக்கிக் குடிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். எதிரில் நின்ற காளியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதன் அடிப்பாகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“எழுதிக்கங்கய்யா” என்றாள். “கொட்டாங்கச்சி, ஒண்ணு. சொட்டை இல்ல. பேரு இல்ல.”

சந்தியாகு மண்ணில் உருண்டு சிரித்தான். பிள்ளைகள் சிரித்தன. பக்கத்து வீட்டிலிருந்து ஞானப்பிரகாசம் எட்டிப் பார்த்து, விஷயம் தெரியாமலே சிரித்தார். அவருடைய ஆடு அவர் வீட்டு வாசலிலேயே கட்டியிருந்தது. காளியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பையைக் காட்டி, “கேப்பையை அங்கிட்டு வச்சுட்டுப் போங்க” என்றாள். மறுநாள் எங்கள் கொல்லைக்கு விறகு வந்தது.

யுத்தம் முடிகிற வரைக்கும் வாரா வாரம் இரண்டு படி தூக்கிக்கொண்டு குளத்தூர் ரோட்டில் நடந்தேன். ஒவ்வொரு வாரமும் கொட்டாங்கச்சியில் தண்ணீர். சட்டை நனையாமல் குடிக்கவும் பழகிக்கொண்டேன். சபையில் அதற்குப் பிறகு என்னை யாரும் எதையும் எழுதச் சொன்னதில்லை. மூட்டை தூக்கத்தான் கூப்பிட்டார்கள்.

அதோடு விட்டாளா அந்தோணியம்மாள்? அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு நேராகச் சந்தியாகுவிடம் போய், பழைய பெயருக்குக் கீழே இன்னொரு வரி வெட்டி வாங்கி வந்தாள். அவனும் கூலி வாங்காமல், ஆசை ஆசையாகக் கோணல் எழுத்தில் வெட்டிக் கொடுத்திருக்கிறான். அந்தச் செம்பு இன்றைக்கும் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. சொட்டை அப்படியே இருக்கிறது. எனக்குத் தண்ணீர் என்றால் அதில்தான் வரும், வேறு எதிலும் தர மாட்டாள். நான் அதைத் தூக்கினால் போதும், எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் பேரன் பேத்திகள் ஓடிவந்து எதிரில் குந்தி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல ஒரே குரலில் அந்த வரியைப் படிப்பார்கள்: “படிச்ச ஆளே, இது நம்ம வீட்டுச் செம்பு!”

அதனால்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக் குடிக்கிறேன், போன இடத்திலும் அதே பழக்கமாகிவிட்டது. பெரிய பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். கடைக்குட்டிப் பேத்திக்கு இந்த வருஷம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருக்கிறது. சுவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறாள்.